நாவலுக்கு வேண்டியது கணக்குப்பிள்ளை

நாவல் எழுதுவதற்கென்றே மென்பொருள்கள் வந்து முப்பது ஆண்டுகளாகிவிட்டன. வெறுமனே தட்டச்சு செய்கிற மென்பொருளைச் சொல்லவில்லை. கதையை முன்கூட்டியே திட்டமிடவும், அத்தியாயங்களை அடுக்கி மாற்றவும், பாத்திரங்களின் வயது, உறவு, ஊர் ஆகியவற்றைக் குறித்துவைக்கவும் உதவுகிற கருவிகளைச் சொல்கிறேன். ஸ்க்ரிவனர், ஒய்ரைட்டர், பிளாட்டர், ஏயான் டைம்லைன் என்று பட்டியல் நீளும். இவற்றைப் பற்றிப் பேச்சு வந்தாலே இரண்டு குரல்கள் எழும். கதை உள்ளிருந்து ஊறி வருவது, அதில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்பது ஒன்று. கருவி கையில் இருந்தால் யாரும் நாவல் எழுதிவிடலாம் என்பது இன்னொன்று. இந்தக் கருவிகள் உண்மையில் இரண்டு வேறு வேலைகளைச் செய்கின்றன என்பதை இருவருமே பார்ப்பதில்லை. எழுதப்போவதை வகுத்துக் கொடுப்பது ஒரு வேலை. எழுதியதை நினைவில் வைத்துக்கொள்வது மற்றொரு வேலை. முதலாவதை மென்பொருளிடம் விட்டால் நாவல் கெடும். இரண்டாவதை அதனிடம் விடமாட்டேன் என்பது வீண் பிடிவாதம். எதை வாங்கி எதை விற்பது என்று கடை முதலாளிக்குக் கணக்குப்பிள்ளை சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் போன மாதம் யாருக்கு எவ்வளவு கடன் கொடுத்தோம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மறதி விஷயத்தில் பெரிய எழுத்தாளர், சின்ன எழுத்தாளர் என்ற பேதம் கிடையாது. 1605-ல் வெளிவந்த ‘டான் குயிக்ஸாட்’ முதல் பாகத்தில் சான்சோ பான்சாவின் கழுதை நடுவில் காணாமல் போகிறது. எப்படிப் போனது என்று சொல்லப்படவில்லை. பிறகு ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்பி வந்து நிற்கிறது. அடுத்த பதிப்பில் கழுதை திருட்டுப்போன சம்பவத்தை இடையில் செருகினார்கள். செருகிய இடம் சரியில்லை. திருட்டுக்குப் பிறகும் சான்சோ அதே கழுதைமேல் போய்க்கொண்டிருந்தான். பத்து வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகத்தில் பாத்திரங்களே இந்தக் குளறுபடியைப் பேசும்படி செய்து செர்வாண்டிஸ் ஒருவழியாகச் சமாளித்தார். 1719-ல் வந்த நாவலில் ராபின்சன் குரூசோ உடைகளைக் களைந்துவிட்டுக் கடலில் குதித்து, தரைதட்டிய கப்பலுக்கு நீந்திப் போகிறான். ஏறியதும் பைகளில் பிஸ்கட்டை நிரப்பிக்கொள்கிறான். கானன் டாயில் 1887-ல் டாக்டர் வாட்சனின் தோளில் பாயவிட்ட குண்டு, 1890-ல் வந்த அடுத்த நாவலில் காலுக்கு இறங்கிவிட்டது. 1891-ல் வந்த ஒரு சிறுகதையில் ஜான் வாட்சனை அவர் மனைவியே ஜேம்ஸ் என்று கூப்பிடுகிறார். நம் காலத்து ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின், டாஸ் கணினியில் ஓடும் வேர்ட்ஸ்டார் 4.0-ஐ இன்னும் விடாதவர். தன் புத்தகங்களில் ஒரு குதிரை ஒரு பாகத்தில் ஆணாகவும் இன்னொன்றில் பெண்ணாகவும் இருப்பதை வாசகர்கள் கண்டுபிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தன் நாவல் வரிசையின் கற்பனை உலகத்தைப் பற்றிய சந்தேகங்களுக்கு அவர் நாடுவது எலியோ கார்சியா என்ற வாசகரை. கார்சியாவும் அவர் மனைவி லிண்டா ஆன்டன்சனும் நடத்திவந்த ரசிகர் தளம்தான் அந்த நாவல் வரிசையின் நடமாடும் நினைவகம். 2014-ல் அந்த உலகத்தின் வரலாற்று நூலுக்கு இருவரும் இணையாசிரியர்களாகவே ஆனார்கள்.

கழுதையால் செர்வாண்டிஸின் பெருமை குறைந்துவிட்டதா என்று கேட்கலாம். குறையவில்லை. ஆனால் அந்த அளவுக்குப் பெருமை கைவசம் இருப்பவர்கள்தான் இப்படிக் கழுதையைத் தொலைக்கலாம். தான் பார்க்காத நேரத்திலும் அந்த உலகம் தன்பாட்டில் இயங்கிக்கொண்டிருக்கிறது என்று வாசகன் நம்பினால்தான் அவன் நாவலுக்குள் இருப்பான். மூன்றாம் அத்தியாயத்தில் இடது கை ஊனமான ஒருவர் இருபதாம் அத்தியாயத்தில் இரண்டு கையாலும் சைக்கிள் ஓட்டினால் அந்த நம்பிக்கையில் விரிசல் விழுகிறது. இதை இலக்கியத் தரத்தோடு சம்பந்தமில்லாத சில்லறைப் பிழை என்று ஒதுக்குவது, பெரும்பாலும் சொந்தப் பிரதியைத் திரும்பப் படிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வாதம்.

இந்தக் கணக்கை முறையாக வைத்துக்கொண்டவர்களில் முன்னால் நிற்பவர் சார்லஸ் டிக்கன்ஸ். அவருடைய பெரிய நாவல்களில் பல, மாதம் ஒரு பகுதி, பகுதிக்கு 32 பக்கம் என்று 20 பகுதிகளாக வெளிவந்தவை. அச்சுக்குப் போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது. பன்னிரண்டாம் மாதம் எழுத உட்காரும்போது மூன்றாம் மாதம் என்ன சொன்னோம் என்று தெரிந்திருக்க வேண்டும். 1846-ல் தொடங்கிய ‘டாம்பி அண்ட் சன்’ முதற்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாளை எடுத்து அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். இடப்பக்கத்தில் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விகள்: இன்னார் இந்த மாதம் வரலாமா, இந்த ரகசியத்தை இப்போதே உடைத்துவிடலாமா. பக்கத்திலேயே பதில்: சரி, கூடாது, அடுத்த பகுதிக்கு வைத்துக்கொள்ளலாம். வலப்பக்கத்தில் அத்தியாயத் தலைப்புகளும் அவற்றில் வருபவை பற்றிய சுருக்கமான குறிப்புகளும். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இந்தத் தாள்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றை ஆராய்ந்தவர்கள் கவனித்த ஒரு விஷயம் இந்த விவாதத்துக்கே அடிப்படையானது. வலப்பக்கக் குறிப்புகளில் பல, அத்தியாயத்தை எழுதிய பிறகு போடப்பட்டவை. டிக்கன்ஸின் ‘திட்டங்கள்’ என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கும் தாள்களில் கணிசமான பகுதி நடந்து முடிந்ததன் பதிவு. மீதிப் பகுதியிலும் கட்டளைகளைவிடக் கேள்விகளே அதிகம். ஒரு பாத்திரத்தைக் கொல்லலாமா என்று கேட்டு, இப்போது வேண்டாம் என்று தள்ளிப்போடும் சுதந்திரம் அதில் இருந்தது. எந்தக் கதை எந்தப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று யாரும் முன்கூட்டி அச்சடித்துக் கொடுத்த படிவத்தை அவர் நிரப்பிக்கொண்டிருக்கவில்லை.

திட்டமிட்டு எழுதுவதற்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் டோல்கீனைக் காட்டுவார்கள். வரைபடம், மொழி இலக்கணம், வம்சாவளி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதியவர் அவர். வரைபடம் முன்பே இருந்தது உண்மைதான். கதை அப்படி இருக்கவில்லை. 1937 டிசம்பரில் தொடங்கிய அந்த நாவலின் வரைவுகளை அவர் மகன் கிறிஸ்டோபர் பின்னாளில் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். படிப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். கடைசியில் அரசனாக முடிசூடும் ஆரகார்ன், ஆரம்ப வரைவுகளில் மரக்காலணி போட்டுக்கொண்டு நடக்கும் ட்ராட்டர் என்ற, குட்டை உருவ ஹாபிட் இனத்தவன். அவன் யார் என்று டோல்கீனுக்கே வெகுநாள் வரை பிடிபடவில்லை. முன்கூட்டியே பாத்திர அட்டை போட்டு, பெயர், இனம், லட்சியம் என்று நிரப்பிப் பூட்டியிருந்தால் அந்த அரசன் பிறந்திருக்க மாட்டான். இன்னொரு பக்கம், கதை வளர வளர டோல்கீன் தேதிவாரியாகக் காலவரிசை போட்டுக்கொண்டே வந்தார். 1944-ல் மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், கதையின் முக்கியமான நாட்களில் நிலா நடக்க முடியாத விதத்தில் நடந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யப் பழைய அத்தியாயங்களைத் திருத்திக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். பிரிந்துபோன பாத்திரக் குழுக்கள் வேறு வேறு இடங்களிலிருந்து ஒரே இரவில் அண்ணாந்து பார்த்தால் ஒரே நிலாதானே தெரிய வேண்டும்! திட்டத்தின் பேரரசர் என்று பெயரெடுத்தவர் திட்டத்தைத் தாராளமாக மீறினார்; கணக்கை மட்டும் ஒரு நாள் பிசகாமல் பார்த்துக்கொண்டார்.

இன்றைய மென்பொருள்களில் உருப்படியானவை இந்த வழியில் வந்தவை. ஸ்க்ரிவனரை உருவாக்கிய இங்கிலாந்தின் கீத் பிளவுண்ட், நாவல் எழுத முயன்று, தோதான கருவி கிடைக்காமல், நிரல் எழுதக் கற்றுக்கொண்டு தானே அதைச் செய்தார். 2007-ல் விற்பனைக்கு வந்தது. ஒய்ரைட்டரை உருவாக்கிய ஆஸ்திரேலியாவின் சைமன் ஹெய்ன்ஸ் நிரலாளர், நாவலாசிரியர் இரண்டும்தான். இருவருமே தங்கள் பிரதி கைமீறிப் போவதைக் கண்டு கருவியைத் தேடியவர்கள். ஸ்க்ரிவனரில் நாவலைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு துண்டுக்கும் திரையில் ஓர் அட்டை. அட்டையை இழுத்து இடம் மாற்றினால் அதற்குரிய பக்கங்களும் கூடவே நகரும். ஓர் அத்தியாயத்தை அடித்துத் திருத்தும் முன் பழைய வடிவத்தை அப்படியே படம்பிடித்ததுபோல எடுத்துவைக்கலாம். ஒய்ரைட்டரில் ஒவ்வொரு காட்சியிலும் யார் இருக்கிறார்கள், எங்கே, எந்த நாளில் என்று குறித்துவைத்தால், ஒரு பாத்திரம் எந்தெந்தக் காட்சிகளில் வருகிறது என்று பட்டியல் கிடைக்கும். தாத்தா பதினைந்து அத்தியாயமாக ஆளையே காணோம் என்பது அப்போது கண்ணில் படும். இவற்றில் எதுவும் கதை இப்படிப் போக வேண்டும் என்று சொல்வதில்லை. திரையில் தெரியும் அந்த அட்டைகளுக்கும் ஒரு முன்னோடி உண்டு. நபக்கோவ் ‘லோலிட்டா’ உட்படத் தன் நாவல்களைக் கோடுபோட்ட அட்டைகளில் எழுதியவர். எந்த இடம் மனசில் தெளிகிறதோ அதை முதலில் எழுதி, பிறகு வரிசைப்படுத்துவார். 1977-ல் அவர் இறந்தபோது முடிக்காமல் விட்டுச்சென்ற நாவல் 138 அட்டைகளாக இருந்தது. 2009-ல் அதை வெளியிட்டபோது, வாசகர்கள் கிழித்தெடுத்துத் தாங்களே அடுக்கிப் பார்க்கும்படி அட்டைகளின் படங்களைத் துளையிட்ட ஓரத்தோடு அச்சிட்டார்கள். எப்படி அடுக்கினாலும் நாவல் வரவில்லை. அடுக்குகிறவர் உயிரோடு இல்லை.

இன்னொரு பரம்பரை இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. உலகத்தில் உள்ள நாடகச் சூழல்கள் மொத்தம் 36 என்று பிரான்சின் ஜார்ஜ் பொல்தி 1895-ல் பட்டியல் போட்டார். அமெரிக்காவில் வில்லியம் வாலஸ் குக் 1928-ல் ‘பிளாட்டோ’ என்ற நூலில் 1,462 கதைச் சிக்கல்களுக்கு எண் கொடுத்து, ஒன்றோடொன்று கோத்துக் கதை பண்ணும் முறையைச் சொன்னார். பெரி மேசன் கதைகளை எழுதிய எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் அட்டையில் சக்கரங்கள் செய்து, சுழற்றிவிட்டு, முள் நின்ற இடத்தில் கதைமுடிச்சு தேடினார். 1994-ல் இது கணினிக்கு ஏறியது. டிரமாட்டிகா என்ற மென்பொருள், ஒரு கோட்பாட்டை வைத்து, எழுதுகிறவரிடம் வரிசையாகக் கேள்விகள் கேட்டு, சாத்தியமான 32,768 கதை வடிவங்களிலிருந்து ஒன்றில் அவரைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஹாலிவுட்டின் பிளேக் ஸ்னைடர் 2005-ல் எழுதிய திரைக்கதைக் கையேட்டில் 110 பக்கத் திரைக்கதைக்கு 15 கட்டங்கள் வகுத்திருக்கிறார். 12-ஆம் பக்கத்தில் வாழ்க்கையைப் புரட்டும் சம்பவம், 55-ல் நடுப்புள்ளி, 75-ல் எல்லாம் போச்சு என்கிற நிலை. இன்றைய திட்டமிடல் மென்பொருள்கள் பலவற்றைத் திறந்தால் இத்தகைய அச்சுகள்தான் முதலில் எதிரே வந்து நிற்கின்றன. எதில் கதையை வார்க்கப்போகிறாய் என்று கேட்கின்றன. கார்ட்னரின் புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றன, அதை மறுக்க முடியாது. சக்கரத்தால் கதைமுடிச்சு கிடைக்கும். வழக்கு எண் மாறினாலும் கட்டமைப்பு மாறாத நீதிமன்றக் கதைக்கு அது போதும், தவறுமில்லை. ஆனால் கதைமுடிச்சு வேறு, நாவல் வேறு.

வித்தியாசத்தைப் பார்க்க ஒரு நாவலை எடுத்து இந்தப் படிவத்தில் நிரப்பிப் பார்க்கலாம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’. 1976-ல் வந்தது. தெலுங்கு பேசும் மக்கள் தங்கள் ஊரைவிட்டுத் தெற்கே ஓடிவந்து, கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறிய கதை. மென்பொருள் கேட்கும் முதல் கேள்வி: கதாநாயகர் யார்? ஒருவரும் இல்லை, ஊர்தான். அவருடைய இலக்கு என்ன? பிழைத்திருப்பது. எதிரி யார்? பஞ்சமா, கள்வர்களா, கடைசியில் வந்து சேரும் வெள்ளைக்காரன் ஆட்சியா? நடுப்புள்ளி எங்கே? ஒரு பாட்டியின் ஞாபகம் இழுத்துக்கொண்டு போகிற இடமெல்லாம் கதை போகிறது. படிவத்தின் பாதிக் கட்டங்கள் காலியாகக் கிடக்கும். மீதிப் பாதியில் போட்டது பொய்யாக இருக்கும். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) இன்னும் மோசம். தலைப்பே சொல்கிறபடி அது குறிப்புகளாக விரிகிற நாவல். 12-ஆம் பக்கத்துச் சம்பவத்தை அதில் எங்கே போய்த் தேடுவது? விதிவிலக்குகளை வைத்து விதியை மறுக்கலாமா என்று கேட்பார்கள். தமிழ் நாவலில் நாம் மீண்டும் மீண்டும் எடுத்துப் படிக்கிறவற்றில் இத்தகைய விதிவிலக்குகள்தான் நிறைய இருக்கின்றன. புதிதாக எழுத வரும் ஒருவர் முதல் நாளே அந்தக் கட்டங்களின் முன்னால் உட்கார்ந்தால், ஊரையே நாயகனாக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வருவதற்கே வழியிருக்காது. கட்டம் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் யோசிப்பார்.

துப்பறியும் கதைக்குத் திட்டம் வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. கொலைகாரர் யார் என்று தெரியாமல் தடயங்களை விதைக்க முடியாது. அகதா கிறிஸ்டி விட்டுச்சென்ற 73 நோட்டுப் புத்தகங்களை ஜான் கர்ரன் ஆராய்ந்து 2009-ல் ஒரு நூல் வெளியிட்டார். மர்மக் கதையின் ராணி ஒழுங்கின் சிகரமாக இருப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரே நோட்டில் பல நாவல்களின் குறிப்புகள் தலைகீழாகக் கலந்து கிடக்கின்றன; நடுநடுவே வீட்டுக்கு வாங்க வேண்டிய சாமான் பட்டியல். ஒரு சூழலை எழுதி, அதற்கு அ, ஆ, இ என்று மாற்று வழிகளை அடுக்கி, கொலைகாரராக இவரைப் போட்டால் என்ன, அவரைப் போட்டால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கிறார். அவர் திட்டமிட்டார், நிச்சயமாக. அந்தத் திட்டம் அவருடைய கேள்விகளிலிருந்து வந்தது. மென்பொருள் அத்தகைய வெற்று நோட்டாக இருக்கச் சம்மதித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. திரைக்கதையைப் பொறுத்தவரை நிலைமை வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே நேர அளவு உண்டு, முதலீடு உண்டு, ஒரே பிரதியில் பத்துப் பேர் கைவைப்பார்கள். தொலைக்காட்சித் தொடருக்கு எழுதுகிற குழுவில் ஒருவர் கொன்ற பாத்திரத்தை இன்னொருவர் பேசவைத்துவிடக் கூடாது. பொதுத் திட்டம் இல்லாமல் அங்கே வண்டி ஓடாது. தனியாக உட்கார்ந்து நாவல் எழுதுகிறவருக்கு அந்த நிர்ப்பந்தம் எதுவும் கிடையாது. இருந்தும் அதே அச்சைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்வானேன்?

தமிழில் எப்போதும் எழும் கேள்வி, கல்கி எந்த மென்பொருளை வைத்து எழுதினார் என்பது. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை வாராவாரம் வெளிவந்தது ‘பொன்னியின் செல்வன்’. முன்னூறுக்குச் சற்றே குறைவான அத்தியாயங்கள். உண்மையில் அவருக்குக் கணக்குப்பிள்ளைகள் நிறைய. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவப் பண்டாரத்தாரும் எழுதிய சோழர் வரலாறுகள் மேசையில் இருந்தன. யார் யாருக்குப் பிள்ளை, யார் எப்போது இறந்தார் என்ற சட்டகம் அங்கேயே கிடைத்துவிட்டது. ஓவியர் மணியம் வாரந்தோறும் வரைந்த முகங்கள் இன்னொரு பதிவேடு. வந்தியத்தேவன் எப்படி இருப்பான் என்பதை எழுதுகிறவர் மறந்தாலும் வரைகிறவர் மறக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக வாசகர்கள். தொடரின் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். ஒரு பாத்திரம் பின்னால் என்ன ஆயிற்று என்று அவர்கள் விடாமல் கேட்டதற்கு, நாவலின் முடிவுரையில் கல்கி ஒவ்வொருவராக எடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இன்று வார இதழ்த் தொடர்கள் அருகிவிட்டன. நாவல் நேராகப் புத்தகமாக வருகிறது, அல்லது எழுதிய மறுநாளே கைபேசிக்கு வந்துவிடுகிறது. ஜெயமோகனின் ‘வெண்முரசு’ 2014 முதல் 2020 வரை நாளொரு அத்தியாயமாக இணையத்தில் வெளியாகி 26 நாவல்களாக முடிந்தது. அந்த அளவையும் வேகத்தையும் பார்க்கும்போது, நினைவை மட்டும் நம்பியிருக்கலாம் என்று மற்றவர்களுக்கு யோசனை சொல்வது சரியாகப் படவில்லை.

ஆங்கிலத்துக்காகச் செய்த இந்தக் கருவிகள் தமிழில் எங்கே சறுக்குகின்றன என்பதை யாரும் பேசுவதில்லை. ஒரு பாத்திரத்தின் பெயர் முருகன் என்று வையுங்கள். அவன் வருகிற இடங்களையெல்லாம் தேட ‘முருகன்’ என்று அடித்தால், ‘முருகனை’, ‘முருகனுக்கு’, ‘முருகனோடு’ எதுவும் அகப்படாது. புள்ளி வைத்த ‘ன்’ வேற்றுமை ஏறியதும் ‘னை’ என்றும் ‘னு’ என்றும் உருமாறிவிடுகிறது; எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற இயந்திரத்துக்கு அது வேறு சொல். செல்வம் என்று பெயர் வைத்தால் இன்னும் கஷ்டம். அவர் ‘செல்வத்திடம்’, ‘செல்வத்தோடு’ என்று அடையாளமே தெரியாமல் போய்விடுவார். ‘முருக’ என்று பாதியில் நிறுத்தித் தேடலாம், அப்போது முருகேசனும் வந்து வரிசையில் நிற்பான். மீனாட்சி, வள்ளி என்று உயிரொலியில் முடியும் பெயர்கள் மட்டும் பெரும்பாலும் தப்பாமல் கிடைக்கும். தமிழ் நாவலில் ஆண்கள்தான் மென்பொருளிடம் மாட்டாமல் ஒளிந்துகொள்கிறார்கள்! இதைவிட நுட்பமான சிக்கல் உறவுமுறை. ஆங்கில நாவலில் பாத்திரத்தைப் பெரும்பாலும் பெயரால் அழைப்பார்கள். நம் வீடுகளில் ஒரே பெண் ஒருவருக்கு அத்தை, இன்னொருவருக்குச் சித்தி, மூன்றாமவருக்கு அண்ணி, கணவருக்கு ‘இந்தா’. நாவல் முழுக்க அவள் பெயர் நாலே இடத்தில் வந்தாலும் வரலாம். பெயரை எண்ணிப் பட்டியல் போடும் கருவி அவளைத் துணைப்பாத்திரம் என்று முடிவுகட்டிவிடும். இதையெல்லாம் எழுதுகிறவர் கையால் குறித்துவைத்தால்தான் உண்டு. நாள்கணக்கும் அப்படித்தான். தீபாவளிக்கு முந்தைய இரவில் நிலா வெளிச்சத்தில் இருவர் மொட்டைமாடியில் பேசிக்கொண்டிருப்பதாக எழுதினால், அது அமாவாசையை ஒட்டிய நாள் என்பது எந்தக் கிராமத்து வாசகருக்கும் தெரியும். கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும் என்பதும் தெரியும். டோல்கீனைப் படுத்திய அதே நிலாதான் இது. ஏயான் டைம்லைன் போன்றவற்றில் கற்பனை உலகங்களுக்கென்று சொந்த நாள்காட்டி அமைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. சித்திரை, வைகாசியை அதில் ஏற்றிக்கொள்வதற்குத் தடை ஒன்றுமில்லை.

கணக்கு எழுதுவதே ஒரு போதையாகிவிடும், நாவல் எழுத வேண்டியவர் பாத்திரத்தின் கண்ணின் நிறத்தையும் பாட்டனார் பெயரையும் நிரப்பிக்கொண்டே வருடத்தைக் கழிப்பார் என்ற எச்சரிக்கையில் நியாயம் இருக்கிறது. அட்டைகளை அடுக்குவது எழுதுவதுபோலவே தோன்றும்; களைப்பும் வரும்; பக்கம் மட்டும் வராது. இதற்கு மருந்து, முதலில் எழுதுவது, பிறகு குறிப்பது. பக்கத்தில் வராத எதையும் பதிவேட்டில் ஏற்றாதிருந்தால் இந்த வியாதி அண்டாது. ஒரு பாத்திரத்தின் வயதை எந்த அத்தியாயத்தில் முதன்முதலாகச் சொன்னோமோ, அந்த அத்தியாய எண்ணோடு அந்த வயதைக் குறித்தால் போதும். செயற்கை நுண்ணறிவைச் சேர்த்துக்கொண்டு வரும் புதிய கருவிகளுக்கும் இதே அளவுகோல்தான். என் பிரதியில் முரண் எங்கே இருக்கிறது என்று கேட்பது கணக்குப்பிள்ளையிடம் கேட்கும் கேள்வி. சொல்கிற பதிலைச் சரிபார்த்துக்கொண்டு பயன்படுத்தலாம். அடுத்து என்ன நடக்கலாம் என்று அதனிடம் கேட்பவர், தன் வேலையை ராஜினாமா செய்கிறார். வெளிவராத பிரதியை எவருடைய கணினிக்கு ஏற்றுகிறோம், அதை அவர்கள் என்ன செய்யலாம் என்பதை ஒப்பந்தத்தில் படித்துவிட்டு ஏற்றுவது நல்லது.

ஆங்கிலப் பதிப்பகங்களில் பிரதி திருத்துபவர் ஒவ்வொரு நாவலுக்கும் பெயர்கள், அவற்றின் எழுத்துக்கூட்டல், காலவரிசை எல்லாம் அடங்கிய ஒரு தாளைத் தயாரிப்பது தொழிலின் பகுதி. தமிழில் க்ரியா பதிப்பகத்தை நடத்திய ராமகிருஷ்ணன் போன்ற ஒருசிலரைத் தவிர, நாவலைப் பிரதி அளவில் வரிவரியாகச் செம்மை செய்யும் ஏற்பாடு வேரூன்றவில்லை. பிழை திருத்துபவர் ஒற்று மிகுந்ததா என்று பார்ப்பார். மாமாவின் வயது குறைந்ததா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. அந்தச் சுமை முழுக்க எழுத்தாளர் தலையில்தான் விழுகிறது. அதற்காக எழுதுகிறவர்கள் எந்த விலையுயர்ந்த மென்பொருளையும் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஒய்ரைட்டரோ, பெயர், உறவு, வயது, முதலில் வந்த அத்தியாயம், நாள் என்று ஐந்து பத்தி போட்ட ஓர் எக்செல் தாளோ போதும். பதிப்பகங்கள் நாவலை வாங்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழ்க் கணிமையில் ஈடுபட்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சொல்லின் வேரைப் பிரித்தறியும் ஆய்வுகள் பல்கலைக்கழகங்களில் நடந்திருக்கின்றன, திறமூல நிரல்களும் இருக்கின்றன. அவற்றை எழுதுகருவிக்குள் கொண்டுவந்து, ‘முருகன்’ என்று தேடினால் முருகனுக்கும் முருகனிடமும் சேர்ந்து கிடைக்கும்படி செய்துகொடுங்கள். கதைக்கு முப்பத்தாறு அச்சு காட்டும் மென்பொருளைவிட அதுதான் தமிழ் நாவலுக்கு உடனடியாகத் தேவைப்படுவது.